சேற்று வயலில் சில்லுத் தடம்: நிகழ்நேர மெஷ் உருமாற்றத்துக்கு எந்த வழி?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு ஒரு சின்னக் குழுவாக ஆண்ட்ராய்டு போனுக்கு ஒரு விளையாட்டுச் செய்கிறோம். இரணைமடுவில் தண்ணீர் திறந்து சிறுபோகம் தொடங்குவதில் இருந்து அறுவடை வரைக்கும்தான் கதை. அதில் பெரும்பகுதி நேரம் ஆட்டக்காரர், கையால் பிடித்து ஓட்டும் இருசில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டரின் பிடியைப் பிடித்தபடி சேற்றுக்குள் நிற்கிறார். ஆகவே சேறு சேறாக இருக்க வேண்டும். இரும்புச் சில்லு இறங்கும் இடத்தில் பள்ளம் விழ வேண்டும், இரண்டு பக்கமும் மண் மேடு தள்ள வேண்டும், தண்ணீர் நிற்கும் இடத்தில் அந்தப் பள்ளம் மெல்ல மூடிக்கொள்ள வேண்டும். பரந்தனிலோ முத்தையன்கட்டிலோ வளர்ந்த பிள்ளை இதைப் பார்த்த உடனேயே சரி, பிழை சொல்லிவிடும். அந்தப் பிள்ளைக்காகத்தான் செய்கிறோம்.

அந்தப் பிள்ளையின் கையில் இருப்பது விலை குறைந்த போன். சித்திரை வெயிலில் பத்து நிமிடம் விளையாடினாலே போன் சூடாகி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த நிலையிலும் நிலத்தின் மெஷ்ஷை, அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் முக்கோணங்களும் சேர்ந்த வலையை, விளையாட்டு ஓடும்போதே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு வழிகள் பல உண்டு. யூனிட்டி என்ற விளையாட்டு எஞ்சினை வைத்து அவற்றை ஒப்பிட்டு, எங்கள் தேவைக்கு எதை எடுப்பது என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம். இதே மாதிரியான வேலையில் இறங்கியிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கொடோட், அன்ரியல் போன்ற வேறு எஞ்சின்களில் வேலை செய்பவர்களுக்குப் பெயர்கள் மாறும், கணக்கு மாறாது.

முதலில் கணக்கு

50 மீற்றருக்கு 50 மீற்றர் வயல் என்று எடுத்துக்கொள்வோம். ஏக்கரில் அரைவாசிக்குச் சற்றுக் கூட. 20 சென்றிமீற்றருக்கு ஒரு புள்ளி வைத்தால் ஒரு பக்கத்துக்கு 251 புள்ளிகள், மொத்தம் 63,001. இந்த எண் தற்செயலாக வரவில்லை. எந்தப் புள்ளிகள் சேர்ந்து முக்கோணமாகும் என்று சொல்லும் எண் இன்டெக்ஸ்; யூனிட்டியில் ஒரு மெஷ்ஷுக்கு அது வழக்கமாக 16 பிட். அதில் 65,535 வெர்டெக்ஸ் (மெஷ்ஷின் புள்ளி) வரைக்கும்தான் இடம். "256க்கு 256 என்றால் பார்க்க அழகாக இருக்கும்" என்று போட்டால் 65,536 வரும், ஒன்று கூடிவிடும். 32 பிட் இன்டெக்ஸுக்கு மாறலாம்தான், ஆனால் இன்டெக்ஸ் பஃபர் இரட்டிப்பாகும். சின்னப் போனில் அதற்கு அவசியமே இல்லை.

ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் 12 பைட், நார்மல் (வெளிச்சத்துக்காக, மேற்பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசை) 12 பைட். 63,001 புள்ளிக்கு ஏறத்தாழ 1.5 மெகாபைட். திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும், முழு வயலையும் படம் வரையும் சிப்பான ஜிபியுவுக்கு அனுப்பினால், செக்கனுக்கு 60 ஃபிரேமில் 90 மெகாபைட் போகும். மேற்பரப்பில் படத்தை ஒட்ட உதவும் டான்ஜென்ட்டும் யுவியும் அதே பஃபரில் இருந்தால் அது இரட்டிப்பு. நேரமோ ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெக்கன்தான், அதற்குள் மற்ற எல்லா வேலையும் முடிய வேண்டும். நாங்கள் 30 ஃபிரேமில் பூட்டிவிட்டோம். 33.3 மில்லிசெக்கன் கிடைக்கிறது, போனும் சூடாவது குறைகிறது. மெதுவாகப் போகும் லான்ட்மாஸ்டருக்கு 30 போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு கேள்விக்கும் தொடக்கத்திலேயே பதில் தேட வேண்டும்: இந்தப் பள்ளத்தை யார் அறிய வேண்டும்? கண் மட்டும் பார்த்தால் போதுமா, அல்லது சில்லும் காலும் மாடும் அதற்குள் இறங்க வேண்டுமா? கண்ணுக்கு மட்டும் என்றால் எல்லாவற்றையும் ஜிபியுவிலேயே முடித்துவிடலாம். விளையாட்டின் விதிகளுக்கும் வேண்டும் என்றால், விதிகளை ஓட்டும் சிபியுவுக்கும் அந்தத் தகவல் தேவை. கீழே சொல்லும் எல்லா வழிகளையும் பிரிப்பது இந்தக் கேள்விதான். இதைக் கேட்காமல் "எது வேகம்?" என்று மட்டும் தேடினால் பிழையான வழியில் நெடுந்தூரம் போய்விடுவோம்.

மெயின் த்ரெட்டில் நேரடியாக

மெயின் த்ரெட் என்பது விளையாட்டின் முக்கிய வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரிசை. பாடக் காணொளிகளில் முதலில் வருவது இது. மெஷ்ஷின் வெர்டிசஸை எடுப்பது, ஃபார் லூப்பில் உயரத்தை மாற்றுவது, திருப்பிக் கொடுப்பது, நார்மலைத் திரும்பக் கணக்கிடும் ரீகால்குலேட் நார்மல்ஸ். ஒரு சின்னப் பொருளுக்கு இது போதும், விளங்கிக்கொள்ளவும் இலகு.

ஆனால் ஓர் இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். மெஷ்.வெர்டிசஸ் என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் யூனிட்டி முழு வரிசையையும் புதிதாகப் பிரதி எடுத்துத்தான் தரும். எங்கள் வயலுக்கு ஒரு பிரதி 756 கிலோபைட். அந்தச் சொல்லை லூப்புக்கு உள்ளே எழுதிவிட்டால் புள்ளிக்கு ஒரு பிரதி என்று ஒரே ஃபிரேமில் 47 ஜிகாபைட் பிரதி எடுக்கச் சொல்கிறோம். போன் அப்படியே நின்றுவிடும். லூப்புக்கு வெளியே ஒரு தடவை மட்டும் எடுத்தாலும், ஒவ்வொரு ஃபிரேமிலும் எடுத்தால் 30 ஃபிரேமில் செக்கனுக்கு 22 மெகாபைட் பாவித்து முடிந்த நினைவகக் குப்பை சேரும். அதைக் கூட்டி அள்ளும்போது திரை ஒரு கணம் சிக்கி நிற்கும். ஆகவே வரிசையை ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பாவிக்க வேண்டும். செட் வெர்டிசஸ் கொண்டு கொடுக்க வேண்டும். மெஷ் அடிக்கடி மாறும் என்று யூனிட்டிக்குச் சொல்லும் மார்க் டைனமிக் போட வேண்டும். ஏற்கெனவே இந்த வழியில் எழுதி வைத்திருப்பவர்கள் வேறு எதற்கும் போகுமுன் இதைத் திருத்திப் பார்க்கலாம். பல விளையாட்டுகளுக்கு இந்தத் திருத்தத்தோடேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

எங்களுக்குத் தீராது. 63,001 புள்ளிக்கும் நார்மல் கணக்கிடும் வேலை மெயின் த்ரெட்டில் நிற்கும்வரை விளையாட்டின் மற்ற வேலைகள் வரிசையில் காத்திருக்கும்.

ஜாப் சிஸ்டமும் பர்ஸ்ட்டும்

இது எனக்குப் பிடித்த வழி, இறுதியில் முழுதாக எடுக்காவிட்டாலும். புள்ளிகளைக் குப்பை சேர்க்காத நேட்டிவ் அரே என்ற வரிசையில் வைத்து, வேலையை ஜாப் எனும் துண்டுகளாகப் பல த்ரெட்டுக்குப் பிரித்து, நிரலை வேகமான இயந்திர மொழியாக்கும் பர்ஸ்ட் கொம்பைலர் மூலம் ஓட்டுகிறோம். குப்பை சேராது. போனில் சும்மா இருக்கும் மற்ற கோர்களும் வேலைக்கு வரும். யூனிட்டி 2020.1இல் வந்த மெஷ்டேட்டா வழியாக ஜாப்புக்குள்ளேயே வெர்டெக்ஸ் பஃபரில் எழுதலாம். பிழை வந்தால் சாதாரண சி ஷார்ப் நிரல் போலத் தேடிப் பிடிக்கலாம். ஷேடர் எனும் ஜிபியு நிரலை எழுதத் தெரியாத குழுவுக்கு இதுதான் நல்ல வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, தகவல் சிபியுவிலேயே இருப்பதால் சில்லு எவ்வளவு ஆழம் இறங்கியது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இதில் பெரிய ஆதாயம் த்ரெட்டால் வருவதைவிட வயலைப் பிரிப்பதால் வருகிறது. 50 மீற்றர் வயலை 10 மீற்றர் துண்டுகளாக வெட்டினால் 25 துண்டுகள், ஒவ்வொன்றிலும் 51க்கு 51 என்று 2,601 புள்ளிகள். லான்ட்மாஸ்டர் ஒரு மூலைச் சந்தியில் நின்றாலும் நான்கு துண்டுகளைத்தான் தொடும். தண்ணீர் தேவைப்படும் வயலுக்கு மட்டும் மடை திறப்பதைப் போல, தொட்ட துண்டை மட்டும் புதுப்பித்தால் போதும். 1.5 மெகாபைட் அனுப்பிய இடத்தில் கால் மெகாபைட் போகிறது. எந்த வழியை எடுத்தாலும் இந்தப் பிரிப்பைச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத துண்டை ஜிபியு வரையாமல் விடுவதற்கும் இது உதவும்.

பிரித்தால் ஒரு சிக்கல் கூடவே வரும். துண்டும் துண்டும் சந்திக்கும் ஓரத்தில் ஒரே இடத்துக்கு இரண்டு புள்ளிகள் இருக்கும். ரீகால்குலேட் நார்மல்ஸ் ஒவ்வொரு மெஷ்ஷையும் தனியாகப் பார்ப்பதால் அந்த இரண்டு புள்ளிக்கும் வேறு வேறு நார்மல் தரும். வெயில் சாய்வாக விழும் மாலைக் காட்சியில் வயல் நடுவே கயிறு கட்டியது போல நேர்கோடு தெரியும். இதற்கு மருந்து, நார்மலை முக்கோணங்களில் இருந்து எடுக்காமல் உயரத்தில் இருந்து நேரடியாக எடுப்பது. இடப்பக்க உயரத்தில் இருந்து வலப்பக்க உயரத்தைக் கழி, பின்னால் உள்ளதில் இருந்து முன்னால் உள்ளதைக் கழி, நடுவில் மேல்நோக்கிய கூறாகப் புள்ளி இடைவெளியின் இரண்டு மடங்கை வை, ஒருமையாக்கு. பக்கத்துத் துண்டின் உயரமும் ஒரே வரிசையில் இருப்பதால் ஓரம் ஒட்டிப்போகும். முக்கோணங்களைச் சுற்றுவதைவிட வேலையும் குறைவு. நிலம் போன்ற மேற்பரப்புக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது.

யூனிட்டி எடிட்டரில் பர்ஸ்ட்டின் பாதுகாப்புச் சோதனைகள் ஓடிக்கொண்டிருக்கும், அங்கே பார்க்கும் நேரம் மெய்யான நேரம் அல்ல. பில்ட் எடுத்து, போனைக் கேபிளில் கொழுவி, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் ப்ரொஃபைலரில் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

உயர டெக்ஸ்சரும் வெர்டெக்ஸ் ஷேடரும்

இங்கே மெஷ் மாறுவதே இல்லை. தட்டையான ஒரு வலையை ஒரு முறை ஜிபியுவிடம் கொடுத்துவிடுகிறோம். வயலின் ஆழம் முழுதும் ஒரு ரெண்டர் டெக்ஸ்சரில், அதாவது ஜிபியு தானே வரையக்கூடிய ஒரு படத்தில், இருக்கும். சில்லு போகும் இடத்தில் அதன் அச்சை அந்த டெக்ஸ்சரில் வரைகிறோம். புள்ளிதோறும் ஓடும் வெர்டெக்ஸ் ஷேடர் டெக்ஸ்சரைப் படித்து ஒவ்வொரு புள்ளியையும் கீழே இறக்குகிறது. ஒரு ஃபிரேமுக்கு சிபியு அனுப்புவது சில்லு நிற்கும் இடமும் திசையும் அளவும்தான். சில பைட்டுகள்.

512க்கு 512 டெக்ஸ்சர் எடுத்தால் ஒரு புள்ளி 10 சென்றிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 16 பிட் தசம எண்ணான ஹாஃப் வடிவத்தில் ஒரே ஒரு சனல் (புள்ளிக்கு ஓர் எண்) வைத்தால் அரை மெகாபைட். 8 பிட் போதாதா என்று கேட்பீர்கள். 30 சென்றிமீற்றர் ஆழத்தை 255 படியாகப் பிரித்தால் ஒரு படி 1.2 மில்லிமீற்றர், ஆழத்துக்குத் தாராளம். ஆனால் நார்மலையும் அதே டெக்ஸ்சரில் இருந்துதான் எடுக்கிறோம். சரிவு மெதுவாக உள்ள இடத்தில் படிகள் அப்படியே வெளிச்சத்தில் தெரியும், ஈரச் சேற்றின் மினுமினுப்பில் இன்னும் கூடத் தெரியும். ஆழத்தை மீற்றரில் வைத்தால் ஹாஃப் வடிவத்தில் 30 சென்றிமீற்றர் அருகே படி கால் மில்லிமீற்றர்தான், மேலோட்டமான இடத்தில் இன்னும் நுண்மை. 32 பிட் வேண்டாம். அதன்மேல் பிளெண்ட் செய்வதற்கு, அதாவது ஏற்கெனவே உள்ளதோடு புதியதைச் சேர்த்து வரைவதற்கு, தனியான வசதி வேண்டும், எல்லாப் போனிலும் அது இருக்காது.

பிளெண்ட் ஏன் முக்கியம்? மேக்ஸ் என்ற பிளெண்ட் முறையை வைத்தால், பழைய ஆழமும் புதிய அச்சும் சந்திக்கும் இடத்தில் கூடுதலான ஆழம் தானாக நிற்கும். ஒரே தடத்தில் இரண்டு தரம் போனால் பாதாளம் தோண்டாது. பழையதைப் படித்துப் புதியதில் எழுத இரண்டு டெக்ஸ்சரை மாற்றி மாற்றிப் பிடிக்கும் வேலையும் மிச்சம். போன்கள் படம் வரையப் பாவிக்கும் ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3.0இலேயே இந்த மேக்ஸ் இருக்கிறது. பக்கத்தில் தள்ளும் மேட்டுக்கு அது பொருந்தாது. அதைத் தனிச் சனலில் வைத்துக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். அப்போது டெக்ஸ்சர் ஒரு மெகாபைட் ஆகும், அதைத் தாங்கலாம்.

பள்ளம் மூடிக்கொள்வதற்கு டெக்ஸ்சர் முழுவதையும் ஒரு தடவை கடந்து ஆழத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமிலும் செய்ய அவசியமில்லை. செக்கனுக்கு ஐந்தாறு முறை போதும், சேறு அதைவிட அவசரப்படாது. புழுதி விதைப்புக்குக் காய்ந்த நிலத்தை உழும் காட்சியில் தடம் அப்படியே கிடக்கும் என்பதால் இந்த வேலையே வேண்டாம். விலை குறைந்த போன்களின் மாலி, அட்ரீனோ ஜிபியுக்கள் திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வரைபவை. வரையும் இலக்கை நடுவில் மாற்றினால் அவற்றுக்குச் செலவு. ஆகவே அச்சு வரையும் வேலை எல்லாவற்றையும் ஃபிரேமின் தொடக்கத்தில் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அப்புறம் காட்சிக்குப் போக வேண்டும்.

இரும்புச் சில்லின் பட்டைகள் விழும் அச்சை மெஷ்ஷில் காட்ட முயல வேண்டாம். 5 சென்றிமீற்றருக்கு ஒரு புள்ளி வைத்தால் வயலுக்குப் பத்து லட்சம் புள்ளிகள் தாண்டும். ஆழத்தை மெஷ்ஷும் பட்டை அச்சை, வெளிச்சத்தை மட்டும் மாற்றி மேடுபள்ளம் போலக் காட்டும் நார்மல் மேப்பும் பார்த்துக்கொள்ளட்டும். லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் நின்று பார்க்கும் கமராவுக்கு இரண்டும் சேர்ந்து ஒன்றாகவே தெரியும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வெர்டெக்ஸ் ஷேடருக்கு எந்த மிப் மட்டத்தை (டெக்ஸ்சரின் சிறுத்த பிரதிகளில் எதை) படிப்பது என்று தானாகத் தெரியாது, நாம்தான் மட்டத்தைச் சொல்லிப் படிக்க வேண்டும். மற்றது, சிபியுவைப் பொறுத்தவரை வலை இன்னும் தட்டையாகவே இருக்கிறது. ஆகவே மெஷ்ஷின் எல்லைப் பெட்டியான பவுண்ட்ஸை மேலும் கீழும் நாமே பெருப்பித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையின் ஓரத்தில் உள்ள மேடு திடீரென்று மறையும்.

பெரிய குறை, பள்ளம் ஜிபியுவுக்கு மட்டும் தெரியும் என்பது. அதைத் திருப்பிப் படிக்க நினைப்பவர்கள் பலர். உடனடியாகப் படித்தால் ஜிபியு வேலை முடியும்வரை சிபியு நிற்கும், அதற்கு முதல் வழியே மேல். காத்திராமல் படிக்கும் முறையில் பதில் சில ஃபிரேம் பிந்தி வரும். மணிக்கு 5 கிலோமீற்றரில் போகும் லான்ட்மாஸ்டர், 30 ஃபிரேமில் மூன்று ஃபிரேம் பிந்தினால் 14 சென்றிமீற்றர் முன்னே போயிருக்கும். சில்லு அரை அடி பின்னால் உள்ள பள்ளத்தில் இறங்குவது போலத் தெரியும்.

படிக்கவே வேண்டாம். அதே அச்சைச் சிபியுவிலும் ஒரு கரடான வலையில் பதிந்துவிடுங்கள். 40 சென்றிமீற்றருக்கு ஒரு புள்ளி என்றால் 126க்கு 126, மொத்தம் 15,876 எண்கள். சில்லு தொடும் நாலைந்து கட்டத்தை மட்டும் மாற்றுவதால் செலவே தெரியாது. சில்லின் உயரம், இழுவை, சேறு பிடித்துக்கொண்டதா என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் இந்த வலை பதில் சொல்லும். கண் பார்ப்பதும் சில்லு உணர்வதும் கொஞ்சம் வேறுபடும்தான். சேற்றில் அந்த வேறுபாடு தெரிவதில்லை. கிரவல் வீதியில் என்றால் தெரியும், ஆனால் கிரவல் வீதி பள்ளம் விழும் நிலமும் அல்ல.

கம்ப்யூட் ஷேடர்

2021.2 தொடக்கம் யூனிட்டியில் மெஷ்ஷின் வெர்டெக்ஸ் பஃபரையே, ஜிபியுவில் பொதுக் கணக்குச் செய்யும் நிரலான கம்ப்யூட் ஷேடரிடம் கொடுத்து எழுதச் சொல்லலாம். உயரம் மட்டும் மாறும் நிலத்தைத் தாண்டி, துணி, காற்றுப் பந்து, நசுங்கும் தகரம் என்று எத்திசையிலும் மாறும் உருவங்களுக்கு இதுதான் வலுவானது. மேசைக் கணினிக்கு விளையாட்டுச் செய்பவர், உதாரணமாக அறிவியல் நகரில் படித்துக்கொண்டே பிசியில் செயல்திட்டம் செய்யும் மாணவர், தயங்காமல் இதை எடுக்கலாம்.

போனுக்கு நான் எடுக்க மாட்டேன். ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3.1 அல்லது அதற்குப் பின் வந்த வல்கன் வேண்டும். இருக்கிறது என்று சொல்லும் மலிவுப் போன்களிலும் டிரைவர் ஒவ்வொன்று ஒவ்வொரு மாதிரி நடக்கும், அதை ஒவ்வொரு போனாகப் பிடித்துத் திருத்த எங்களிடம் ஆளும் இல்லை, போனும் இல்லை. உலாவியில் படம் வரையும் வெப்ஜிஎல் 2இல் கம்ப்யூட்டே கிடையாது என்பதால், பிறகு அதன் வழியாக உலாவியில் விட நினைத்தால் அந்தக் கதவும் மூடியிருக்கும். நிலத்துக்கு உயர டெக்ஸ்சர் தருவதைவிட இது கூடுதலாக எதையும் எங்களுக்குத் தரவில்லை.

எலும்பும் பிளெண்ட் ஷேப்பும்

எங்கே எப்படி மாறும் என்று முன்பே தெரிந்தால் ஓட்டத்தில் கணக்கிட எதுவும் இல்லை. பெட்டியில் மூட்டை ஏறும்போது அமுங்கும் ரயர், மரத்தில் இடித்து நெளிந்த மட்காட், காற்றில் ஆடும் படங்கு, இவையெல்லாம் இந்த வகை. மெஷ்ஷின் பகுதிகளை இழுத்தசைக்கும் இரண்டு மூன்று எலும்பு, அல்லது முன்பே செய்து வைத்த வடிவத்துக்கு மாற்றும் ஒரு பிளெண்ட் ஷேப் போதும்.

கொலைடர் பற்றி

எந்த வழியை எடுத்தாலும், மாறும் மெஷ்ஷுக்கு, மோதலை அறிய அதன் வடிவத்தையே பாவிக்கும் மெஷ் கொலைடரை ஒவ்வொரு ஃபிரேமிலும் புதுப்பிக்க வேண்டாம். மெஷ்ஷை மாற்றும் செலவைவிடப் பௌதிக எஞ்சினுக்காக அதைத் திரும்பச் சமைக்கும் செலவு பெரிதாக இருக்கும். "மெஷ் உருமாற்றம் மந்தம்" என்று சொல்பவர்களின் ப்ரொஃபைலரைத் திறந்து பார்த்தால் பல நேரம் உள்ளே இருப்பது இதுதான். கட்டாயம் வேண்டும் என்றால் அந்தச் சமையலைச் செய்யும் பிசிக்ஸ்.பேக் மெஷ்ஷை ஜாப்பில் ஓடவிட்டு, தொட்ட துண்டுக்கு மட்டும், செக்கனுக்குச் சில முறை செய்யலாம். எங்கள் வயலில் தட்டையான ஒரு கொலைடர் கிடக்கிறது. அதன்மேல் நின்று, மேலே சொன்ன கரடான வலையைக் கேட்டுச் சில்லு தன்னை இறக்கிக்கொள்கிறது.

எங்கள் தேர்வு

வயலுக்கு உயர டெக்ஸ்சரும் சிபியுவில் கரடான வலையும். லான்ட்மாஸ்டருக்கும் பெட்டிக்கும் எலும்பு. சில போன்களில் ஹாஃப் டெக்ஸ்சரில் வரைய முடியாது. விளையாட்டுத் தொடங்கும்போதே, போனின் வசதிகளைச் சொல்லும் யூனிட்டியின் சிஸ்டம் இன்ஃபோவிடம் அதைக் கேட்டு, இல்லை என்றால் பர்ஸ்ட் வழிக்கு மாறுகிறோம். அந்த வழியில் 40 சென்றிமீற்றர் வலையையே துண்டு துண்டாக மெஷ்ஷாகக் காட்டுகிறோம். கணக்கு ஏற்கெனவே சிபியுவில் இருப்பதால் இரண்டாவது வழியைப் பராமரிக்கப் பெரிய வேலை இல்லை. தடம் கொஞ்சம் மழுங்கலாக இருக்கும், விளையாட்டு ஓடும்.

குழுவில் ஷேடர் எழுத ஒருவரும் இல்லாவிட்டால் முழு விளையாட்டையும் பர்ஸ்ட் வழியிலேயே விட்டிருப்பேன், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. உங்கள் வயல் எங்களுடையதைவிடப் பெரிது என்றால், டெக்ஸ்சரைப் பெருப்பிக்காமல் லான்ட்மாஸ்டரைச் சுற்றி உள்ள பகுதிக்கு மட்டும் வைத்து அதோடு நகர்த்துங்கள். நகர்த்தும்போது ஒரு முழுப் புள்ளி அளவிலேயே நகர்த்த வேண்டும், அரைப் புள்ளி நகர்ந்தால் தடங்கள் நடுங்கும்.

தேர்ந்த பின் ஒரு சோதனை செய்யுங்கள். திரையின் ரெண்டர் அளவைப் பாதியாக்கி ஓட்டுங்கள். ஃபிரேம் வேகம் ஏறினால் நெருக்கடி பிக்சல் பக்கம், அதாவது சேற்றின் மினுமினுப்பு ஷேடரில். மெஷ்ஷைத் தொட்டு அங்கே பலனில்லை. ஏறாவிட்டால்தான் புள்ளிகளையும் சிபியுவையும் பார்க்க வேண்டும். இதைப் போன் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும், நன்றாகச் சூடான பிறகு இன்னொரு முறையும் பாருங்கள். சூடான பிறகு வரும் எண்ணை வைத்து முடிவு எடுங்கள்.